விளக்கு தடுமாறினால் நிரலை மட்டும் குறை சொல்லாதீர்

இத்தாலியில் 2005ஆம் ஆண்டு தோன்றிய ஆர்டுயினோ பலகை இன்று நம் இடைநிலைப்பள்ளி மாணவர் கைக்கும் வந்துவிட்டது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் நுண்கட்டுப்படுத்தியைப் பற்றிப் படிக்கிறார்கள். படித்ததைக் கொண்டு தீபாவளி விளக்கு, கொலு விளக்கு, காவடி விளக்கு எனப் பலவும் செய்து பார்க்கிறார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஒரே முறையீட்டோடு வருகிறார்கள்: "வீட்டு மேசையில் நன்றாக எரிந்தது, கொண்டுபோய் வைத்த இடத்தில் கோளாறு செய்கிறது."

இதற்குக் காரணம் பெரும்பாலும் மின் குறுக்கீடு. அது எப்படி உண்டாகிறது, எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி நீக்குவது என்பதை ஓர் உண்மையான பழுதைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மின்னணுவியல் படிக்காத நண்பர்களும் தொடர்ந்து படிக்கலாம். கூட்டல், பெருக்கலுக்கு மேல் இதில் கணக்கு இல்லை.

மெர்போக்கில் ஓர் ஒளிவேல்

ஜெராய் மலையின் அடிவாரத்தில், சுங்கை பட்டாணிக்கும் கடலுக்கும் இடையில் இருப்பது மெர்போக். பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகத்தைப் பார்க்கச் சென்ற நம் சங்கத்து மாணவர்களுக்கு இவ்வூர் தெரிந்திருக்கும். அங்கு ஒரு தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்காக, நான்காம் படிவம் பயிலும் என் அக்காள் மகன் ஆளுயரப் பலகையில் வேல் ஒன்று செய்தான். அதில் 150 சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். ஒவ்வொன்றும் 20 மில்லிஆம்பியர் இழுக்கும். எல்லாம் ஒருசேர எரிந்தால் 3 ஆம்பியர். ஆர்டுயினோ பலகை மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களின் வழியாக விளக்குகளைக் கூட்டங்கூட்டமாகப் பளிச்சிடச் செய்யும். ஒரு பொத்தானை அழுத்தினால் பளிச்சிடும் பாணி மாறும். எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது ஒரே 5 வோல்ட் மின்வழங்கி.

வீட்டில் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது. கோவிலில் கட்டிய முதல் மாலையிலேயே தடுமாறியது. சில வேளைகளில் விளக்குகள் பாதியில் உறைந்து நின்றன. சில வேளைகளில் யாரும் பொத்தானைத் தொடாமலே பாணி மாறியது. அதுவும் அபிஷேகம் முடிந்த சற்று நேரத்தில் தவறாமல் மாறியது. அதை ஓர் அற்புதமாகவே எடுத்துக்கொண்ட பெரியவர்களும் உண்டு.

அவனோ தன் நிரலை மூன்று முறை மாற்றி எழுதியிருந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது திருவிழாவுக்கு மூன்றே நாள் இருந்தது. "மாமா, கடையில் விற்கிற விளக்கையே வாங்கிக் கட்டச் சொல்லிட்டேன். இதெல்லாம் நமக்கு வராது மாமா," என்றான்.

எனக்கு விளக்கைவிட இந்தச் சொல்தான் பெரிய பழுதாகப் பட்டது. பதினாறு வயதில் "நமக்கு வராது" என்று முடிவு கட்டிய பிள்ளை அடுத்த ஆண்டு அறிவியல் பக்கமே திரும்ப மாட்டான். ஆகவே விளக்கை நானே சரிசெய்து கொடுப்பதில்லை, அவனையே கண்டுபிடிக்க வைப்பது என்று முடிவு செய்தேன். அடுத்து வரும் சோதனைகள் அனைத்தையும் செய்தவன் அவன்தான்.

முதல் கருவி: நோட்டுப் புத்தகம்

குறுக்கீட்டைத் தேட முதலில் வேண்டியது மீட்டர் அன்று, நோட்டுப் புத்தகம். எப்போது கோளாறு நடந்தது, எந்த வகைக் கோளாறு, அப்போது பக்கத்தில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது, மழையா வெயிலா என்று ஒவ்வொரு முறையும் எழுதவேண்டும்.

இதன் அருமைக்கு அண்டை நாடான சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியிலும், பின்னர் நவம்பரிலும், அங்குள்ள சர்க்கிள் லைன் ரயில்கள் திடீர் திடீரெனச் சமிக்ஞை இழந்து அவசரமாக நின்றன. காரணம் எளிதில் புலப்படவில்லை. அரசாங்கத் தரவு ஆய்வாளர்கள், ஒவ்வொரு ரயிலும் நின்ற நேரத்தையும் இடத்தையும் ஒரே வரைபடத்தில் குறித்தார்கள். புள்ளிகள் சாய்கோடுகளாக வரிசைப்பட்டன. ஏதோ ஒன்று எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டே வழியில் கண்ட ரயில்களையெல்லாம் பாதிக்கிறது என்பது தெரிந்தது. அது பி.வி.46 என்ற எண்ணுடைய மற்றொரு ரயில். அதன் சமிக்ஞைக் கருவியில் இருந்த பழுது, எதிரே வந்த ரயில்களின் சமிக்ஞையைக் கெடுத்திருந்தது. நின்ற ரயில்களை மட்டும் எத்தனை முறை சோதித்தாலும் குற்றவாளி அகப்பட்டிருக்காது. நேரமும் இடமும் எழுதப்பட்டிருந்ததால் அகப்பட்டது.

நம் மாணவனும் ஒரு மாலை முழுவதும் எழுதினான். பாணி தானாக மாறியது ஏழு முறை. ஏழு முறையும் கோவில் தண்ணீர்த் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார் பம்பு ஓடத் தொடங்கிய கணத்திலோ நின்ற கணத்திலோதான் மாறியது. அபிஷேகத்துக்கு நீர் எடுத்தால் தொட்டி குறையும். மிதவை விசை பம்பைத் தானாக முடுக்கும். அற்புதத்தின் காரணம் அங்கே இருந்தது. ஆனால் உறைந்து நின்றதற்கும் பம்புக்கும் தொடர்பு இல்லை. 150 விளக்கும் ஒருசேரப் பளிச்சிடும் பாணியில்தான் அது நடந்தது.

ஆக, நோய் ஒன்றன்று, இரண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டிருந்ததால்தான் ஒன்றுக்கும் மருந்து கிடைக்கவில்லை.

பிரித்துப் பார்க்கும் சோதனை

அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தோம். மின்வழங்கியைக் கழற்றிவிட்டு, 3 ஆம்பியர் தரக்கூடிய 5 வோல்ட் பவர் பேங்க் ஒன்றைப் பலகையின் பின்னாலேயே குட்டைக் கம்பியால் இணைத்தோம். உறைவது நின்றது. பாணி தாவுவது நிற்கவில்லை. ஆகவே தாவலுக்குக் காரணமான குறுக்கீடு மின்வழங்கியின் வழியாக உள்ளே வரவில்லை என்பது தெளிவாயிற்று.

உறைவது நின்றதற்குக் காரணம் மின்கலமா, குட்டைக் கம்பியா? இதையும் ஊகத்துக்கு விடக்கூடாது. பழைய மின்வழங்கியையே கொண்டுவந்து அதே குட்டைக் கம்பியால் இணைத்தோம். அப்போதும் உறையவில்லை. எனவே மின்வழங்கி நல்லதுதான். ஐயம் முழுவதும் கம்பியின் மேல் விழுந்தது.

முதல் நோய்: பொதுக் குழாயும் கடைசி வீடும்

வீட்டில் மின்வழங்கி பலகையின் அருகிலேயே இருந்தது. கோவிலில் மழைக்கு அஞ்சி அதை 10 மீட்டர் தள்ளி, கூரைக்கு அடியில் வைத்திருந்தார்கள். இடையில் ஓடியது 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய செப்புக் கம்பி. அதன் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.04 ஓம். மின்னோட்டம் போகவேண்டும், திரும்பவும் வரவேண்டும். ஆகவே 10 மீட்டர் என்பது கணக்கில் 20 மீட்டர். மொத்தத் தடை 0.8 ஓம்.

மின்னோட்டம் போகும் வழியை நாம் பார்க்கிறோம். அது திரும்பி வரும் வழியைப் பார்ப்பதில்லை. பல கோளாறுகள் ஒளிந்திருக்கும் இடம் அந்தத் திரும்பும் வழிதான்.

முழு 3 ஆம்பியர் ஓடினால் 3 பெருக்கல் 0.8, அதாவது 2.4 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். உண்மையில் மின்னழுத்தம் குறையும்போது விளக்குகள் இழுக்கும் மின்னோட்டமும் குறைவதால் இழப்பு அந்த அளவுக்குப் போகாது. ஆனால் எவ்வளவு போகிறது என்று மீட்டரால் பார்க்கப்போனால் மீட்டர் ஏமாற்றும். பளிச்சிடும் நேரம் 50 மில்லிநொடிதான். சாதாரண மீட்டர் அதைக் காண்பதற்குள் அது முடிந்துவிடும். ஆகவே எல்லா விளக்கையும் அணைக்காமல் எரியவைக்கும் நாலு வரி நிரலை அவனை எழுதச் சொன்னேன். இப்போது மீட்டர் உண்மையைச் சொன்னது. மின்வழங்கியின் முனையில் 5 வோல்ட், பலகையில் 3.7 வோல்ட்.

இந்த 3.7 வோல்ட்டில்தான் வினை இருக்கிறது. ஆர்டுயினோவில் உள்ள ஏ.டி.மெகா 328பி என்னும் சில்லு 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் பிழையில்லாமல் ஓட ஏறத்தாழ 3.8 வோல்ட்டாவது வேண்டும். மின்னழுத்தம் மிகவும் குறைந்தால் சில்லைத் தானாக நிறுத்தி மறுபடி தொடக்கும் காவல் ஒன்று உண்டு. ஆனால் ஆர்டுயினோ பலகைகளில் அது வழக்கமாக 2.7 வோல்ட்டில்தான் விழித்துக்கொள்ளும். இடைப்பட்ட பகுதியில் சில்லு ஓடிக்கொண்டிருக்கும். சரியாக ஓடும் என்ற உறுதி மட்டும் இல்லை. நிரலில் பிழையே இல்லாவிட்டாலும் சில்லு தவறான கட்டளையைப் படித்து உறைந்து நிற்கலாம்.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே பொதுக் குழாய். காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டில் நீர் நூலாக ஒழுகும். அந்தக் கடைசி வீடுதான் நம் சில்லு. நீர் குறைந்தது அந்த வீட்டுக்காரர் குற்றமா?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நீண்ட கம்பிக்கு மின்தடை மட்டுமன்றி மின்தூண்டலும் உண்டு. மின்னோட்டம் திடீரென ஏறுவதையும் இறங்குவதையும் அது எதிர்க்கும். விளக்குகள் எரியும் அந்த மைக்ரோநொடிகளில் கம்பி கேட்ட மின்னோட்டத்தை உடனே தராது. அதனால் மீட்டர் காட்டியதைவிட ஆழமான சரிவுகள் கணநேரம் வந்து போகும்.

மருந்து மூன்று. முதலாவது, 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. அதன் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.008 ஓம் மட்டுமே. மாற்றியதும் பலகையில் 4.6 வோல்ட் நின்றது. இரண்டாவது, விளக்குகளின் மின்வாயிலில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று. இது வீட்டு வாசலில் வைத்த தண்ணீர்த் தொட்டி போன்றது. 3 ஆம்பியரை 10 மைக்ரோநொடி இது தனியாகத் தந்தாலும் மின்னழுத்தம் 0.03 வோல்ட்தான் குறையும். மூன்றாவது, விளக்குகளின் திரும்பும் கம்பியும் சில்லின் திரும்பும் கம்பியும் வழியில் எங்கும் கலக்காமல், பலகையின் மின்வாயிலில் ஒரே புள்ளியில் மட்டும் கூடுமாறு பிரித்தோம். சில்லின் மின்கால்களுக்கு அருகில் 104 என்று எழுதிய சிறு மின்தேக்கி, அதாவது 0.1 மைக்ரோஃபாரட், இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ஆர்டுயினோ பலகையில் அது ஏற்கெனவே இருக்கும். தனிச் சில்லைக் கொண்டு தாமே சுற்று கட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அன்றிரவு விளக்கு ஒருமுறைகூட உறையவில்லை.

இரண்டாம் நோய்: காற்றில் வந்த பொத்தான்

பாணி தாவுவது இன்னும் இருந்தது. பொத்தானின் கம்பியைப் பலகையிலிருந்து கழற்றச் சொன்னேன். பம்பு பலமுறை ஓடி நின்றது, பாணி மாறவில்லை. குறுக்கீடு நுழையும் வாசல் பொத்தான் கம்பிதான்.

பம்பின் மிதவை விசை மோட்டாரை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் தொடுமுனைகளுக்கிடையே சிறு பொறி பறக்கும். பொறி என்பது பல அலைவெண்களை ஒருசேர அள்ளி வீசும் ஒரு முரட்டு ஒலிபரப்பு. இதைக் காதாலும் கேட்கலாம். பழைய ரேடியோப் பெட்டி ஒன்றில் மத்திய அலையைத் திருப்பி, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்தினோம். பம்பு முடுக்கிய கணத்தில் "படக்" என்றது. பம்புக் கம்பியின் ஓரமாகப் பெட்டியைக் கொண்டுபோகக் கொண்டுபோக ஓசை வலுத்தது. மின்னல் எஃப்.எம். வரும் பண்பலையில் இந்த ஓசை அவ்வளவாகக் கேட்காது. வீச்சில் ஏறும் இரைச்சலைப் பண்பலை பெரும்பாலும் விலக்கிவிடும். எனவே மத்திய அலை உள்ள பழைய பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். செலவில்லாத நல்ல ஆய்வுக் கருவி அது.

பொத்தானின் கம்பி 4 மீட்டர் நீளம். பம்பின் கம்பியோடு ஒரே குழாயில் இணையாக ஓடியது. பொத்தான் அழுத்தப்படாத நேரத்தில் சில்லின் உள்ளீட்டுக் காலை 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருப்பது சில்லுக்குள் இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் மின்தடை. குட்டைக் கம்பிக்கு அந்தப் பிடி போதும். 4 மீட்டர்க் கம்பியோ ஓர் அலைவாங்கி. அதில் கணநேரம் ஏறிய மின்னழுத்தத்தை அந்தத் தளர்ந்த பிடியால் தடுக்க முடியவில்லை. சில்லின் கணக்கில் யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள்.

இதற்கும் மருந்து எளியதே. உள்ளீட்டுக் காலுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று, பிடி இறுகிவிடும். அதே காலுக்கும் தரைமுனைக்கும் இடையில், சில்லுக்கு மிக அருகில், 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று. இவ்விரண்டும் சேர்ந்தால் அரை மில்லிநொடிக்கும் குறைவாக வரும் துடிப்புகள் பெரும்பாலும் அடங்கிவிடும். மனித விரலின் அழுத்தமோ அதைவிடப் பன்மடங்கு நீளமானது. பொத்தானின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி, பம்புக் கம்பியிலிருந்து விலக்கி, தவிர்க்க முடியாத இடத்தில் குறுக்காக மட்டும் கடக்கவிட்டோம். கடைசியாகத்தான் நிரலைத் தொட்டோம். பொத்தான் அழுத்தப்பட்டதாகத் தெரிந்தால் 20 மில்லிநொடி பொறுத்து மறுபடி பார். அப்போதும் அழுத்தப்பட்டிருந்தால் மட்டும் பாணியை மாற்று.

இந்த வரிசை முக்கியம். நிரலில் மட்டும் ஒட்டுப்போட்டிருந்தால் நோய் மறைந்திருக்கும், போயிருக்காது. சில்லு உறைந்தால் தானாக மறுபடி தொடக்கும் கண்காணிப்புக் கடிகாரத்தைப் பற்றியும் இதையே சொல்வேன். அது கடைசிக் காவலாக இருக்கட்டும். முதல் மருந்தாக வேண்டாம்.

மருந்து வேலை செய்ததா?

பழுது நின்றுவிட்டால் பலர் அதோடு விட்டுவிடுவார்கள். எது பலித்தது என்பது தெரியவேண்டுமானால் மருந்தை எடுத்துவிட்டு நோய் திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். நிரலைப் பழையபடியே வைத்து, பொத்தானின் மின்தடையையும் மின்தேக்கியையும் கழற்றினோம். பம்பு ஓடியதும் பாணி தாவியது. திரும்ப மாட்டினோம், நின்றது. தற்செயல் அன்று என்பதற்கு அதுவே சான்று.

திருவிழாவின் மூன்று இரவுகளும் ஒளிவேல் தடுமாறாமல் எரிந்தது. எனக்கு அதனினும் மகிழ்ச்சி தந்தது, சில மாதங்களுக்குப் பின் நான் கேட்ட வேறொரு பேச்சு. இயந்திர வண்டி செய்யும் நண்பன் ஒருவன் தன் வண்டி நடுவழியில் நின்றுவிடுவதாகத் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டிருந்தான். நம் மாணவன் கேட்ட முதல் கேள்வி: "மோட்டாருக்கும் சில்லுக்கும் ஒரே கம்பியா?"

ஒரு எச்சரிக்கை

மேலே சொன்ன வேலைகள் எல்லாம் 5 வோல்ட் பக்கத்தில் நடந்தவை. 230 வோல்ட் பக்கம் முற்றிலும் வேறு. கோவில் தரை ஈரமாக இருக்கும்; மக்கள் வெறுங்காலோடு நடப்பார்கள்; பந்தல் கால்கள் இரும்பாக இருக்கும். அங்கே கம்பி இழுப்பதும் பம்பின் விசையைத் தொடுவதும் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளரின் வேலை. 30 மில்லிஆம்பியர் அல்லது அதற்கும் குறைந்த மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அந்த இணைப்பில் கட்டாயம் இருக்கவேண்டும். விளக்கு அணைந்தால் மறுபடி ஏற்றலாம்.

நம் கையில் இருப்பது

பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டு மின்னணுத் தொழிற்சாலைகள் எழத் தொடங்கியபின், கெடாத் தோட்டங்களிலிருந்து நம் பெண்கள் விடியற்காலைப் பேருந்துகளில் வேலைக்குப் போனார்கள். அவர்கள் கண்வலிக்கப் பொருத்திய சில்லுகள் உலகெங்கும் சென்றன. 1996இல் கூலிமில் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. 2017இல் அங்கே ஓஸ்ராம் நிறுவனம் எல்.இ.டி. சில்லுத் தொழிற்சாலையைத் திறந்தது. மின்னணுவியல் நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. பொருத்தத் தெரிந்த தலைமுறைக்குப் பின், ஏன் பழுதாகிறது என்று கேட்கத் தெரிந்த தலைமுறை வரவேண்டும்.

அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நோட்டுப் புத்தகம், மீட்டர், பழைய ரேடியோ, சில சென் விலையுள்ள மின்தேக்கிகள், இவை போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றும் பொறுமையும் மின்னோட்டம் திரும்பும் வழியைத் தேடும் பழக்கமும் வேண்டும். இவற்றைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

பல்கலைக்கழகத்தில் பொறியியலும் இயற்பியலும் பயிலும் சங்க நண்பர்களுக்கும், படித்து முடித்து வேலையில் இருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, நின்றுபோன ஒரு சுற்றோடு ஒரு பிள்ளை எங்காவது உட்கார்ந்திருப்பான். அவனுக்காகச் சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, "எந்த நேரத்தில் நிற்கிறது தம்பி?" என்று கேளுங்கள். அவன் எழுதிப் பார்க்கட்டும். காரணம் கம்பியில் இருக்கலாம், பம்பில் இருக்கலாம், நிரலிலும் இருக்கலாம். அவன் பிறப்பிலோ ஊரிலோ அது இருக்க வழியில்லை.